கோபமில்லை, ஞாபகம் மட்டும்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மரியாதை ஒரு காரணம். மற்ற காரணமெல்லாம் பயம். என்னுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று இன்னும் அவருடைய பென்டிரைவில் கிடக்கிறது. ஒருவனுடைய போட்டோவை வைத்துக்கொண்டு அவர் என்னவெல்லாம் செய்வார் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

திண்டிவனத்தில் மேம்பாலத்தை ஒட்டி, ஒரு பிரியாணிக் கடைக்கும் ஒரு செருப்புக் கடைக்கும் நடுவே இருந்த பேனர் கடையில் அவர் டிசைனர். கடை அவருடைய தம்பியின் பேரில், வேலை அக்காவான அவர் தலையில். கலியாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் கட்டப்பட்ட பேனர்களில் சிரித்த முகங்கள் பெரும்பாலும் அவருடைய மவுஸ் வழியாக வெளுப்பாகி வெளியே போனவைதான். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும் அக்கா.

நான் விழுப்புரம். கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு பைக்கில் சுற்றிக்கொண்டிருந்தேன். கைவசம் சில வைத்தியங்கள் உண்டு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவேன். மசியவில்லை என்றால் வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகுவேன். அதற்கும் மசியவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்து "ம்ம்ம்" என்பேன். ஜனங்கள் என்னை மதித்ததெல்லாம் அந்த "ம்ம்ம்"முக்குத்தான்.

அக்கா புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டிருப்பார். முழுக்கை, கோடு போட்டது. இங்க் கறையும் தூசியும் புடவையில் படாமல் இருக்க. காலமான வீட்டுக்காரருடைய சட்டை அது. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உயிரோட இருந்த வரைக்கும் எனக்கு ஒரு ஒத்தாசைக்கு வந்ததில்ல தம்பி. இப்பவாச்சும் என் அழுக்கத் தாங்கட்டும்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் கீபோர்டைத் தட்டித் தூசி உதிர்த்தேன்.

அந்த மனிதர் போனபோது கண்ணீர் அஞ்சலி பேனரையும் அக்காதான் செய்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை. அழுதுகொண்டே செய்தார் என்று எழுத ஆசைதான். அழவில்லை. ஒவ்வொரு போட்டோவாகத் திறந்து பார்த்து, மனுஷர் உர்ரென்று முறைத்துக்கொண்டிருந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்தார்.

"சிரிக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்லியாக்கா?"

"ஏன் இல்ல, நிறைய இருக்குது. வூட்டுக்குள்ள ஒருநாள் சிரிச்சதில்ல. இப்ப மட்டும் ஊருக்கு இன்னாத்துக்கு சிரிக்கணும்?"

பேனரைப் பார்த்தவர்கள், பாவம், நோயில் ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பார் போல என்று பேசிக்கொண்டார்கள்.

இதுதான் அவர். யாரோடும் சண்டை போட்டுப் பார்த்ததில்லை. யார் என்ன சொன்னாலும் "இருக்கட்டும்" என்று ஒரு சொல். அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் ஊரை விட்டுப் போய்விடுவது நல்லது. உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் கடைக்குள் வந்து, "ஏம்மா டைப்பிங்கு, கட ஓனரக் கூப்புடு, பொம்பளைங்ககிட்ட பேசினா வேல ஆவாது" என்றார். அக்கா "இருக்கட்டும்" என்றார். திருவிழாப் பேனர் பிரமாதமாக வந்தது. அதில் பெரிய மனிதர் கைகூப்பிச் சிரித்தார். கயிறு கட்டுவதற்காக ஓரங்களில் ஓட்டை போட்டு இரும்பு வளையம் அடிப்பார்கள் அல்லவா, அதில் ஒன்று சரியாக அவருடைய நெற்றியில் வந்து உட்கார்ந்தது. திருவிழா முடியும்வரை கயிற்றில் நெற்றி கட்டப்பட்டு மேம்பாலத்தின் கீழே ஆடிக்கொண்டிருந்தார்.

"கோவமாக்கா?"

"சே சே, கோவம்லாம் இல்ல தம்பி. ஞாபகம்தான் இருக்குது."

மிஷின்களுக்கும் விலக்கு இல்லை. பேப்பரைக் கடித்துத் துப்பிய பிரிண்டரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பார். "ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் திருப்பிக்கினு இரு." செத்துப்போன மவுஸ் ஒன்றை வாசலில் எலுமிச்சம்பழம், பச்சைமிளகாயோடு வாலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மற்ற மவுஸ்களுக்குப் புத்தி வரவேண்டுமாம். வந்தது போலத்தான் தெரிந்தது.

என் முறையும் வந்தது. அவர் போன் பண்ணும்போதெல்லாம் "வந்துகினே இருக்கேன்க்கா, விக்கிரவாண்டி தாண்டிட்டேன்" என்பேன். அநேகமாக அப்போது விழுப்புரத்தில் பாயில் புரண்டுகொண்டிருப்பேன். ஒருமுறை பின்னணியில் என் அம்மா, "பல்லு வெளக்கினியாடா?" என்று கத்தியது போனில் கேட்டுவிட்டது. "இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம், தாமே விரும்பி எனக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. நெகிழ்ந்துபோய் விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு முழுக்க விநியோகித்தேன். ஒரு ஸ்டூடியோக்காரர்தான் படித்துக் காட்டினார். என் பெயருக்குக் கீழே, தங்க எழுத்தில்: "எங்கள் தாரக மந்திரம்: வந்துகினே இருக்கேன்."

இப்படிப்பட்டவரிடம்தான் அவருடைய தம்பி அந்த வார்த்தையைச் சொன்னார்.

தம்பியின் மகள் பெரியவளாகியிருந்தாள். மயிலம் போகும் வழியில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா. ஞாயிற்றுக்கிழமை விசேஷம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண் அக்காவின் இடுப்பில் வளர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டால் நேராகக் கடைக்கு வந்து, அத்தையின் நாற்காலியில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு உட்காரும். வாசல் பேனரை அக்கா வாரம் முழுக்க இழைத்து இழைத்துச் செய்தார். நடுவில் பெண். சுற்றிலும் தங்க வளையங்களுக்குள் சொந்தங்கள்: தாத்தா, தாய்மாமன், சித்தி, சித்தப்பா. பெண்ணுக்கு வலப்பக்கம் ஒரு வளையம், கீழே "அத்தை" என்று எழுதி, அதில் தன்னுடைய முகம். ஆயிரக்கணக்கான முகங்களை வெளுப்பாக்கியவர் தன் முகத்தை மட்டும் இருந்தபடியே விட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி அதைப் பார்த்தார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். நானும் ஒரு ஓரத்தில் பிரிண்டரின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

"உன் போட்டோவ மட்டும் எடுத்துடு. நல்ல காரியம். தாலியறுத்தவ மூஞ்சி வாசல்ல இருந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"மண்டபத்துக்கு?"

"வா, வந்து சாப்புடு. மேடைக்கு மட்டும் வந்துறாத."

அக்கா ஃபைலைச் சேமித்து மூடினார். பிறகு சொன்னார். "இருக்கட்டும்."

நான் பிரிண்டரிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் போன். "தம்பி, சிஸ்டம் ஆன் ஆவுது. பேரு கேக்குது, பாஸ்வேர்டு கேக்குது, வாங்க வாங்கன்னு சொல்லுது. அப்பறம் ஒரே கருப்பு. அம்புக்குறி மட்டும் நடுவுல நிக்குது."

"வந்துகினே..."

"உன் கார்டுலதான் படிச்சிருக்கேனே. ஜல்தி வா."

அன்று நிஜமாகவே ஜல்தியாகப் போனேன். கடை வாசலில் தம்பி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

"பாருய்யா, நேத்து ஒரு வார்த்த சொன்னேன், இன்னிக்கி சிஸ்டத்தயே காலி பண்ணிட்டா. பேஜாரு புடிச்சவ. நாளைக்கு விசேஷம், இன்னும் பேனர் பிரிண்டுக்குப் போவல."

அக்கா ஒரு மல்லாட்டையை உடைத்துப் பார்த்து, சொத்தை என்று தூர எறிந்தார்.

உட்கார்ந்தேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். கருப்பு. வயர்களைப் பிடுங்கிச் சொருகினேன். கருப்பு. கையைக் கட்டிக்கொண்டு "ம்ம்ம்" என்றேன்.

"இன்னா ம்ம்ம்? இதுக்குத்தான் விழுப்புரத்துலேருந்து வந்தியா? நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!" என்றார் தம்பி.

"இருக்கட்டும்" என்று என் வாயில் தானாக வந்தது. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதல்முறையாக ஒரு கை மல்லாட்டை எனக்கும் கிடைத்தது.

கீபோர்டில் மூன்று சாவிகளைச் சேர்த்து அழுத்தினேன். டாஸ்க் மேனேஜர் வந்தது. ஆக, மிஷினுக்கு உயிர் இருக்கிறது. டெஸ்க்டாப்பைக் கொண்டுவரும் புரோகிராமை அதிலிருந்து கையால் ஓடவிட்டேன். பளிச்சென்று எல்லா ஐகான்களும் தலைகாட்டின. தம்பி "வந்துச்சு!" என்று கத்துவதற்குள் திரும்பவும் கருப்பு. மறுபடி ஓடவிட்டேன். மறுபடி பளிச், மறுபடி கருப்பு. எழுவதும் விழுவதுமாக இருந்தது. சேஃப் மோடிலும் அதே கதை. புதிதாக ஒரு யூசர் கணக்கு உண்டாக்கி உள்ளே போனால், சமர்த்தாக நின்றது. அப்படியென்றால் கோளாறு மிஷினில் இல்லை. பழைய கணக்கின் டெஸ்க்டாப்பில் இருக்கிறது.

அந்த டெஸ்க்டாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணில் படாத ஃபைல் காணாமல் போன ஃபைல் என்பது தம்பியின் கொள்கை. எந்த வேலையானாலும் டெஸ்க்டாப்பிலேயே சேமிக்க வேண்டும். பின்னணிப் படமாக இருந்த மயிலம் முருகன், ஐகான்களுக்கு நடுவே வேல்நுனி மட்டும் தெரிய மூச்சுவிட முடியாமல் நின்றிருந்தார். புதுக் கணக்கின் வழியாக உள்ளே போய், அந்த ஃபைல்களைக் கொத்துக் கொத்தாக வேறு இடத்துக்கு நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் பழைய கணக்கைத் திறந்து பார்த்தேன். கடைசியில் ஒரே ஒரு ஃபைலில் வந்து நின்றது. அதை நகர்த்தினால் டெஸ்க்டாப் அணையாமல் நிற்கிறது. திரும்ப வைத்தால் கருப்பு.

விழா பேனர். வெள்ளிக்கிழமை ராத்திரி, அக்கா வீட்டுக்குப் போன பிறகு சேமிக்கப்பட்டிருந்தது.

தம்பி வெளியே சமையல்காரரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தினேன். "அக்கா, நீங்க ஒண்ணும் பண்ணல. ஓனர் அண்ணன்தான். நீங்க போனப்பறம் வந்து அவரே தொறந்திருக்காரு. சேவ் பண்ணும்போது கரண்ட் போயிருக்கு. ஃபைல் பாதியில நிக்குது. டெஸ்க்டாப்புல இருக்கற ஒவ்வொரு ஃபைலுக்கும் சிஸ்டம் ஒரு குட்டிப்படம் வரையும் இல்ல? இந்தப் படத்த வரைய வந்து, பாதியில மயக்கம் போட்டு வுழுது. எழுந்து வந்து மறுபடி இதையே வரையுது."

"யூபிஎஸ் இருக்குதே, கரண்ட் போனா இன்னா?"

யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பேட்டரி கொண்டுவருவதாகப் போன மாதத்திலிருந்து நான் வந்துகினே இருந்தேன். அதைப் பற்றிப் பேசாமல் பேச்சை மாற்றினேன். பாதி ஃபைலை இன்னொரு புரோகிராமில் திறந்து காட்டினேன். மேல்பாதி மட்டும் வந்தது. பெண்ணின் வலப்பக்கம் வளையமே இல்லை. பட்டுத்துணியின் பூ டிசைனை அந்த இடத்தில் அள்ளிப் பூசியிருந்தார் தம்பி. பூசத் தெரியாமல், பெண்ணின் காதும் கொஞ்சம் போயிருந்தது.

அக்கா திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். "நான் எடுக்க மாட்டேன்னு நெனச்சிருக்கான்" என்றார். பிறகு, "கொழந்த காத கெடுத்து வெச்சிருக்கான் பாரு" என்றார். உடனே மல்லாட்டைத் தோலை ஒதுக்குவது போலக் குனிந்துகொண்டார்.

"அண்ணன்கிட்ட சொல்லிடட்டுமாக்கா, நீங்க பண்ணலன்னு?"

"ஒண்ணும் சொல்லாத. நான் பண்ணதாவே இருக்கட்டும்."

தம்பி உள்ளே வந்தார். முகம் வேர்த்திருந்தது. அக்கா சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் வைத்தார். சாவிகளோடு ஒரு பென்டிரைவும் தொங்கியது.

"பேனரு எங்கிட்ட ஒரு காப்பி இருக்குது. நீ சொன்ன மாதிரியே என் மூஞ்சிய எடுத்துத் தர்றேன். ஆனா பக்கத்துல நின்னுகினு நோண்டாத. போய் மண்டபத்தப் பாரு."

"சத்தியமா எடுத்துடுவியா?"

"பொண்ணு மேல சத்தியமா. என் மூஞ்சி அதுல இருக்காது."

அவர் போன பிறகு அக்கா வேலையில் உட்கார்ந்தார். என்னையும் பார்க்க விடவில்லை. முடித்ததும் பென்டிரைவைக் கொடுத்தார். டிசைன் திண்டிவனத்தில் என்றாலும் பெரிய பேனருக்குப் பிரிண்ட் விழுப்புரத்தில்தான். "நேரா போ. பிரிண்ட் போட்டு சுருட்டி, மண்டபத்துல குடுத்துட்டு போ. வழியில யாருக்கும் பிரிச்சுக் காட்டாத."

விழுப்புரத்தில் மிஷினுக்கு முன்னால் நின்றேன். பேனர் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் வானம். பிறகு விநாயகர். பிறகு பெண்ணின் முகம், காது முழுசாக, ஜிமிக்கியோடு. பிறகு அந்தத் தங்க வளையம். கீழே கொட்டை எழுத்தில் "அத்தை". வளையத்துக்குள் அக்காவின் முகம் இல்லை. சத்தியம் காப்பாற்றப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக, செல்போனில் படம் வராதபோது சுற்றுமே, புள்ளி புள்ளியாக ஒரு சக்கரம், அது இருந்தது.

மிஷின்காரர் என்னைப் பார்த்தார். "தம்பி, ஒரு போட்டோ வரல போலிருக்குதே. நிறுத்தட்டா?"

நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு. அந்தக் குரல் காதில் கேட்டது. எனக்கும் கோபமெல்லாம் இல்லை.

"ஓட்டுங்கண்ணே. கரெக்டாத்தான் வருது."

மறுநாள் மண்டபத்துக்குப் போனேன். அழைப்பு இல்லை, இட்லி இருந்தது. வாசலில் பேனர் ஆளுயரத்துக்கு மேலே நின்றது. உள்ளே நுழைந்த ஒவ்வொரு உறவுக்காரரும் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார்கள். தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு தம்பியைத் தேடினார்கள்.

"இன்னா மாமா, உங்க அக்கா இன்னும் லோடு ஆவலியா?"

"நெட்டு ஸ்லோவா மச்சான்?"

ஒரு கிழவர் பேனரிடம் போய் வளையத்தை விரலால் தட்டியே பார்த்தார். பட்டு வேட்டியில் நின்ற தம்பி ஒவ்வொருவருக்கும் அக்கா ஏன் இல்லை என்று ஒரு காரணம் சொன்னார். முதலில் காய்ச்சல் என்றார். பிறகு வெளியூர். யாரோ ஒரு அம்மா, "காத்தால கட தொறந்து உக்காந்துகினு இருந்துச்சே, பாத்துட்டுத்தான் வர்றேன்" என்றதும் வாயை மூடிக்கொண்டார். கழற்றலாம் என்றால், பெண்ணின் படம் போட்ட பேனரை நல்ல நேரத்தில் அவிழ்க்கக் கூடாது என்று பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நான் இரண்டாவது இட்லியில் இருந்தபோது ஒரு கை என் காலரைப் பிடித்தது.

"எழுந்து வாய்யா. நீதான பிரிண்டு போட்ட? நீதான் அவகிட்ட பேசணும்." காரில் போகும்போது தம்பியின் குரல் இறங்கியிருந்தது. "பொண்ணு ரூம்லேருந்து வெளிய வரமாட்டேங்குது. அத்தை லோடு ஆனாத்தான் மேடைக்கு வருவாளாம். மொத தண்ணி அத்தைதான் ஊத்தணுமாம்."

கடையில் அக்கா ஏதோ கண்ணீர் அஞ்சலி செய்துகொண்டிருந்தார். அதே கோடு போட்ட சட்டை. கழுத்துவரை பட்டன். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வாக்கா" என்றார் தம்பி.

"எங்க?"

"மண்டபத்துக்கு."

"சாப்பாட்டுக்கா? பசிக்கல."

"மேடைக்குக்கா."

"போட்டோவுக்கே ஆவாத மூஞ்சி, மேடைக்கு மட்டும் ஆவுமா?"

"பொண்ணு வேணும்னு சொல்லுதுக்கா."

"அவ சொல்லுவா. நீ இன்னா சொல்ற?"

தம்பி தரையைப் பார்த்து, "தப்புதான்க்கா" என்றார்.

"இருக்கட்டும்" என்றார் அக்கா. "சிஸ்டத்த ஆஃப் பண்ணிட்டு வர்றேன்."

ஆஃப் பண்ணினார். திரையில் நீலம் வந்தது. அப்டேட் ஓடுகிறது, ஆஃப் பண்ண வேண்டாம் என்றது. நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு சக்கரம் சுற்றியது. தம்பி அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகத்தைப் பார்ப்பது போல.

"ஸ்டூல் இருக்குது, உக்காரு" என்றார் அக்கா.

பட்டு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போன் அடித்தது, கட் பண்ணினார். மறுபடி அடித்தது. என்னிடம் திரும்பி, கெஞ்சுகிற குரலில், "இத நிறுத்த முடியாதாய்யா?" என்றார்.

அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். அது தன்பாட்டுக்கு முடிந்து தானே அணையும். எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

"ம்ம்ம்" என்றேன். "கூட இருந்து பாக்கணும்ண்ணே. கரண்ட் போயி பாதியில நின்னுச்சுன்னா அப்பறம் மூஞ்சி வராது."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கன்னம் ஒருமுறை அசைந்தது. தம்பியின் கண் சக்கரத்தை விட்டு நகரவில்லை. விசேஷ வீட்டு எண்ணெய் மினுங்கும் முகத்தில் வேர்வை வழிய, மேளக்காரர்களும் உறவுக்காரர்களும் மண்டபத்தில் காத்திருக்க, அவர் அந்தச் சக்கரத்தின் முன்னால் சின்னப் பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

கடைசியாகத் திரை அணைந்தது. அக்கா மேஜைக்குப் பின்னால் எழுந்தார். மானிட்டருக்குப் பின்னாலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். மல்லிப்பூ வாசனை வந்தது; பூ பெண்ணுக்கு. பிறகு நின்ற இடத்திலேயே சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

உள்ளே கத்திரிப்பூ நிறத்தில் பட்டுப்புடவை. புத்தம் புதுசு. மடிப்புக்கூடக் கலையவில்லை. காலையில் கடை திறக்கும்போதே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

கழற்றிய சட்டையைத் தம்பியின் மடியில் போட்டார்.

"மடிச்சு வெச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டு, காரின் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.